சட்டி மலையில் என் தங்கை

எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, என் தங்கையின் பேர் வரும் இடத்தில் அவள் நிற்க மாட்டாள். கணக்கப்பிள்ளை "ஜீவராணி" என்பார். கூடையோடு நிற்கும் பெண்களில் யாராவது ஒருத்தி "மேல" என்பாள். கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் அடுத்த பேருக்குப் போய்விடுவார். பல வருடங்கள் இப்படித்தான் நடந்தது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் முதல் நாள் இதைக் கேட்டு, யாரோ செத்துப்போனவருடைய பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

மேல என்றால் ஒன்பதாம் நம்பர் மலையின் உச்சி. அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையிலிருந்து பார்த்தாலே தெரியும். தேயிலைக்கு நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலி, அதற்குள் ஒரு சீமெந்துக் கட்டடம், பக்கத்தில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் ஒரு பெரிய வெள்ளை டிஷ். அதை லொறியில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிய நாளிலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதற்குச் சட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் மலையும் சட்டி மலை ஆகிவிட்டது.

நான் மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று, வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கலியாணம் செய்து போனவள். அங்கே பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜீவராணி எனக்கு அடுத்தவள். எங்கள் டிவிஷனில் கணிதம் படித்து உயர்தரம் சித்தியடைந்த முதல் பெண் அவள்தான். இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. விடியுமுன் பஸ் ஏறி அட்டனுக்குப் போய்ப் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி மட்டும் கொஞ்சத்தில் தவறிப்போனது.

அப்பா வீரய்யா முன்னமே இறந்துவிட்டார். அம்மா அழகம்மாதான் கொழுந்தெடுத்து எங்களை வளர்த்தார். ஜீவராணி பரீட்சை எழுதிய வருடம் அம்மாவின் முழங்கால் வீங்கி, மலை ஏற முடியாமல் போனது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்தில் நாங்கள் இருக்கும் காம்பரா எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. அந்தக் காம்பராவிலிருந்து ஒருவருடைய பேராவது வேலையாட்களின் பேரேடான செக்ரோலில் இருக்க வேண்டும். ஒருவரும் வேலைக்குப் போகாவிட்டால், ஒரு நாள் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வாசலில் வந்து நின்று, சாமான்களை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்பார்.

அதனால் என் தங்கை, கணிதம் படித்தவள், அம்மாவின் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். செக்ரோலில் அவள் பேர் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"என்னடி இது, கை இப்படியாயிருச்சு" என்றேன்.

"கொழுந்துக் கறைக்கா. சோப்பு போட்டா போகாது. படிச்ச கணக்கு மட்டும் ஒரு மாசத்துல போயிருச்சு" என்று சிரித்தாள்.

இதற்குப் பிறகுதான் கம்பனி வந்தது. கொழும்பில் பெரிய குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம், தொண்ணூற்றேழு. கொழும்பில் ஒரு தனியார் கம்பனி, வெளிநாட்டுக்காரர்கள் வானத்தில் விட்டிருந்த செய்மதியொன்றில் ஒரு பங்கை வாடகைக்கு எடுத்து, வங்கிகளுக்கும் தேயிலை வியாபாரிகளுக்கும் செய்திகளை அனுப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொழும்பு நிலையத்துக்கு ஏதாவது நேர்ந்தால் தொழில் படுத்துவிடும் என்று பயந்து, இரண்டாவது நிலையமொன்றை மலைநாட்டில் கட்ட முடிவு செய்தார்கள். சுற்றிலும் மலை இருந்தால் வேறு அலைகளின் தொந்தரவு குறைவாம். எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, தேயிலை சரியாக வராத ஒன்பதாம் நம்பர் உச்சியைக் குத்தகைக்குக் கொடுத்தார். உதவிக்கு ஒரு ஆளும் தருவதாகச் சொன்னார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். தோட்டம் முழுக்கத் தேடி, கொழுந்து மலையில் நின்றவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

இப்படி அவள் பேர் செக்ரோலிலும் ஆள் கம்பனியிலுமாக இருந்தது. காம்பராவும் தங்கியது. அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் என்ன வேலை என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"மேல ஒரு செய்மதி நிக்குதும்மா" என்று ஜீவராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி தட்டிக்கொண்டே விளக்கினாள். நானும் இருந்தேன். "பூமி சுத்துற வேகத்துலயே அதுவும் சுத்துது. அதனால நம்ம தலைக்கு மேலயே நிக்கிற மாதிரி இருக்கும். நம்ம சட்டி அதப் பாத்துக்கிட்டே இருக்கணும். கம்பனி அதுல கொஞ்சம் எடத்த வாடகைக்கு எடுத்திருக்கு."

"ஏன்டி, வானத்துலயுமா வாடகை?"

"ஆமா. சொந்தக்காரன் வெளிநாட்டுல இருக்கான். காசு கட்டாட்டி வெட்டி விட்டுருவான்."

"அப்ப அங்கயும் லயந்தான்னு சொல்லு" என்றார் அம்மா.

மலையில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர் பாலச்சந்திரன் சார். யாழ்ப்பாணத்து இன்ஜினியர். யுத்தத்தால் ஊருக்குப் போகப் பாதை இல்லாமல், கொழும்பிலும் நிம்மதியாக இருக்க முடியாமல், மலையில் வந்து தங்கியவர். கடதாசி மடித்ததுபோல் உடுப்புப் போடுவார். எங்கள் தேத்தண்ணீரில் சீனி போதாது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. கணிதம் தெரிந்த பிள்ளை என்று கண்டுகொண்டதும், கூட்டித் துடைக்கும் வேலையோடு அவளை விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் நாட்டில் செய்மதி ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்பதால் சட்டி மல்லாந்தே கிடக்கும். அதனால் மழைத் தண்ணீர் தேங்கும். அடியில் உள்ள ஓட்டை சருகு விழுந்து அடைத்துக்கொள்ளும். அதைக் குத்தி விடுவதில் தொடங்கி, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து அலை நல்லாயிருக்கிறதா, மங்குகிறதா என்று சொல்வது வரை அவள் கற்றுக்கொண்டாள். கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஒரு முறை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் தடுமாறவில்லை என்பது விளங்கியது.

அவள் சொன்னதில் ஒன்று இந்தக் கதைக்கு வேண்டும். வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சில நாட்களுக்கு மத்தியான வேளையில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் சூரியனின் இரைச்சலில் செய்மதியின் குரல் கேட்காது. கோடு விழுந்துவிடும். சூரியன் நகர்ந்ததும் தானாகவே எழும்பும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

தொண்ணூற்றெட்டு நடுவில் பாலச்சந்திரன் சார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாராம்.

"பிள்ளை, நீர் இஞ்ச இருந்து சருகு பொறுக்கிக்கொண்டிருக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. கொழும்பு ஸ்டேசனில ஒப்பரேற்றர் வேலைக்கு ஒராள் எடுக்கப் போயினம். கம்பனியே படிப்பிக்கும். நான் போய்க் கதைக்கட்டோ?"

"சார், எங்க காம்பரா?"

"அதையும் துரையோட கதைப்பம்."

துரை அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். கம்பனியின் குத்தகைக் காசு ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலம். கம்பனி கேட்டால் அவள் கொழும்புக்குப் போகலாம், மலையில் இருந்தாலென்ன கொழும்பில் இருந்தாலென்ன, பேர் செக்ரோலில் அப்படியே இருக்கட்டும், தாய் காம்பராவில் இருக்கட்டும் என்று கண்டாக்கு மூலமாகச் சொல்லியனுப்பினார். இப்படியொரு சொல்லை எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஜீவராணி எனக்கு வட்டவளைக் கடை நம்பருக்கு டெலிபோன் எடுத்து அதை இரண்டு முறை சொன்னாள். இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்ததுபோல் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் பாலச்சந்திரன் சார் அவளுடைய வேலையைப் பேசி முடிக்கவே கொழும்புக்குப் போனார். அந்த வருடம் ஆயுத பூஜையும் செப்டம்பர் கடைசியிலேயே வந்தது. முந்திய வருடம் அது ஒக்டோபரில் வந்தது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் எங்களுக்குத் தீபாவளிக்கு அடுத்தபடி ஆயுத பூஜைதான். கவ்வாத்துக் கத்தி, கூடை, மண் கிளறும் முள்ளு, பெக்டரி மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்போம். பெக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டராக இருந்த பொன்னையா மாமா, பூஜைக்கு முன் வருகிற ஞாயிறு ஒவ்வொரு மெஷினுக்கும் பெயின்ட் அடிப்பார். கொழுந்து உருட்டும் ரோலரின் வெளிப்பக்கமெல்லாம் அவருடைய சில்வர் பெயின்டில் பளபளக்கும். அந்த வருடம் மீதிப் பெயின்டைத் தூக்கிக்கொண்டு, பெக்டரிப் பையன்கள் சிலரோடு மலையேறி வந்துவிட்டார். பூஜைக்காக நானும் பிள்ளைகளோடு வந்திருந்தேன். அம்மாவும் வந்திருந்தார். வேலி கட்டிய பிறகு அம்மா சட்டி மலைக்கு ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஆண்டியப்பன் என்ற பையன் பாதி வழி அவரை முதுகில் தூக்கி வந்தான்.

"என்ன மாமா, இதுக்குமா?" என்றாள் ஜீவராணி.

"பின்ன? எங்க மெஷினெல்லாம் மாப்பிள்ள மாதிரி மினுங்குது. நம்ம புள்ளயோட மெஷினு மட்டும் பாசி புடிச்சு, வண்ணான் கல்லு மாதிரி கெடக்கு. கொழும்புலருந்து ஒன்னைய கூட்டிக்கிட்டுப் போக வர்றவன் என்ன நெனைப்பான்?"

அவர் சொன்னதும் உண்மைதான். சட்டியின் வெள்ளைப் பெயின்ட் மழையில் உரிந்து, உள்பக்கம் சொரசொரவென்று பச்சை படிந்து கிடந்தது. ஜீவராணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தானே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, முதல் ஆளாக உள்ளே இறங்கித் தேய்க்கத் தொடங்கினாள். பின்னேரத்துக்குள் சட்டி முழுவதும், உள்ளும் புறமும், கண்ணாடிபோல் ஆகிவிட்டது. என் பிள்ளைகள் விளிம்பில் எட்டிப் பார்த்து, தலைகீழாகத் தெரிந்த தங்கள் முகத்துக்குப் பழிப்புக் காட்டினார்கள். அம்மா அதன் காலில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிட்டார். "என் மகளுக்கு வழி விட்டிருச்சு இந்தச் சட்டி" என்றார்.

அடுத்த நாள் மேகமே இல்லை. அம்மாவுக்கு மலை பிடித்துவிட்டது. ஜீவராணியோடு வருவேன் என்று அடம்பிடித்து, ஆண்டியப்பனின் முதுகில் எங்களோடு மறுபடியும் ஏறி வந்து, கட்டடத்துப் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பெக்டரியில் மத்தியானச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே திரையில் கோடு விழுந்தது. கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. ஜீவராணி பதறவே இல்லை. சூரியன் குறுக்கே வருகிற நாட்கள்தான், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று பதில் சொல்லி வைத்தாள். என்னைப் பார்த்து, "இதுதான்க்கா நான் சொன்னது" என்றாள்.

அம்மாவுக்குத்தான் முதலில் மணத்தது.

"யாருடி சீப்பக் கொண்டுபோயி அடுப்புல போட்டது?"

நாங்கள் வெளியே ஓடினோம். சட்டியின் நடுவில், மூன்று கால்களின் மேல் மூக்குபோல் ஒன்று நிற்கும். செய்மதியிலிருந்து வருவதையெல்லாம் சட்டி அந்த மூக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் வாயில், மழை புகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. மூக்கிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. மூடி உருகிச் சொட்டு சொட்டாகச் சில்வரின் மேல் விழுந்தது. பிறகு உள்ளே வயர் எரியத் தொடங்கியது. சட்டியைப் பார்க்கவே முடியவில்லை, கண் கூசியது. ஜீவராணி வாளித் தண்ணீரோடு ஏணியில் ஏறினாள். பாதியில் சூடு தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூரியன் தானாக நகர்ந்த பிறகுதான் அது அணைந்தது.

சூரியன் போய்விட்டது. கோடு திரும்பி வரவில்லை.

பாலச்சந்திரன் சாரும், கம்பனியில் பெரிய பொறுப்பிலிருந்த லக்ஸ்மன் என்பவரும் அடுத்த நாளே வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பொலிசாரும் வந்தார்கள். அது யுத்த காலம். செய்தி அனுப்பும் நிலையமொன்று எரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தமிழர்கள். வேறு என்ன சொல்ல வேண்டும். பொன்னையா மாமா பெயின்ட் டின்னைக் கையில் பிடித்தபடியே விசாரணைக்கு நின்றார்.

"வெயில் எரிச்சதா?" என்றார் லக்ஸ்மன். கொழும்புத் தமிழர், சிரிக்காமல் பேசுகிறவர். "இந்த ஊர் வெயிலா? இங்க காயப்போட்ட சேர்ட் மூணு நாளாகியும் காயுறதில்ல."

பாலச்சந்திரன் சார் ஜீவராணியின் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தார். வெளியே போய், அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, நடுவில் ஒரு சிகரெட் கடதாசியை நீட்டினார். எல்லோரும் சுற்றி நின்றோம். சிறிது நேரத்தில் கடதாசி பழுத்து, புகைந்து, ஓட்டையானது. வெள்ளைப் பெயின்ட் சொரசொரப்பாக இருப்பது ஒளியைச் சிதறடிப்பதற்குத்தான் என்றும், பளபளப்பாக்கினால் சூரியன் நேரே வருகிற அந்தச் சில நாட்களில் சட்டி அடுப்பாகிவிடும் என்றும் சொன்னார். பொலிசார் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அளவில் தப்பினோம்.

லக்ஸ்மன் போகவில்லை.

"சரி, வெயில்தான். பெயின்ட் அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றார் பாலச்சந்திரன் சார் உடனே. "பாசி பிடிச்சிருந்தது. அடிக்கச் சொல்லிப்போட்டுத்தான் கொழும்புக்கு வெளிக்கிட்டனான். சில்வர் அடிப்பினம் எண்டு யோசிக்கேல்ல. என்ர பிழை."

அவர் பொய் சொல்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொன்னையா மாமா தரையைப் பார்த்தார். ஜீவராணி சும்மா இருந்திருந்தால் போதும். பிழை அவரோடு போய்விடும். கொழும்பு வேலை அவளுக்கு அப்படியே இருக்கும், லக்ஸ்மனின் பையில் அந்தக் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது என்று பிறகு தெரியவந்தது. ஆனால் சாருக்குத் தன் வேலை போனால் நிற்க இடம் இருக்காது. கொழும்பில் ஒரு யாழ்ப்பாணத்து ஆண் எந்தக் காரணத்துக்காக இருக்கிறார் என்று ஒவ்வொரு சந்தியிலும் சோதனையில் கேட்கப்பட்ட நாட்கள் அவை. காட்டுவதற்கு அவரிடம் இருந்தது கம்பனி அடையாள அட்டை ஒன்றுதான்.

"சார் அப்படிச் சொல்லலீங்க" என்றாள் ஜீவராணி. "சாருக்கு ஒண்ணும் தெரியாது. பூஜைக்காக நான்தான் அடிச்சேன். உள்ளுக்கு எறங்கித் தேச்சதும் நான்தான். மாமா மேலயும் தப்பில்ல."

"பிள்ளை, பேசாமல் இரும்" என்றார் சார்.

"இல்ல சார். நீங்க போயிட்டீங்கன்னா நான் அங்க போயி ஒக்காந்துக்கிட்டு என்னா செய்யிறது?"

லக்ஸ்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். மேலே பதில் சொல்ல வேண்டியவர். அவர் பையைத் திறக்கவே இல்லை.

முடிவு ஒரு கிழமையில் வந்தது. பாலச்சந்திரன் சாரைக் கொழும்புக்கு மாற்றினார்கள். கொழும்பு ஒப்பரேற்றர் வேலைக்கு வேறொருவரை எடுத்தார்கள். ஜீவராணியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூட ஒரு வகையில் நல்லது என்று அவள் பின்னாளில் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து புது மூக்கு வந்து பூட்டிய பிறகு, அந்தக் குளிரில் தனியாகக் கிடக்க எந்த இன்ஜினியரும் இணங்கவில்லை. வேலை தெரிந்தவள் அவள் ஒருத்தி. அதனால் மலையில் வைத்துக்கொண்டார்கள். பிழை செய்தவள் என்பதால் வேறெங்கும் அனுப்ப மாட்டோம் என்றார்கள். துரையும் தன் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மலையில் இருக்கும் வரைக்கும்தான் பேர், மலையை விட்டு இறங்கினால் பேரும் இல்லை, காம்பராவும் இல்லை.

புதிதாக ஒரு ஒழுங்கும் வந்தது. அவள் உள்ளே வேலையில் இருக்கும் நேரமெல்லாம் வேலிக் கேற்றை வெளியிலிருந்து பூட்ட வேண்டும், சாவி காவல்காரரிடம் இருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே போகாமல் இருப்பதற்காம். காவல்காரர் ஜயசேன நல்ல மனிதர். ஆனால் மழை பிடித்தால் சாவியோடு கீழே கடைக்கு இறங்கிவிடுவார். நான் சோறு கொண்டுபோன ஒரு நாள், அவர் வரும் வரைக்கும் நான் கம்பிக்கு இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் நின்று கதைத்தோம். கிண்ணத்தைக் கம்பியின் கீழே தள்ளிக் கொடுத்தேன். அவள் குந்தியிருந்து அங்கேயே சாப்பிட்டாள்.

"கலியாணம் பேசிக்கிட்டு வந்தவங்களுக்கு என்ன சொன்ன?" என்று கேட்டேன். கொட்டகலையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது.

"மாப்பிள்ளைய இங்க வந்து இருக்கச் சொன்னேன். பூட்டுன கேட்டைப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

"அம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன்டி. நீ போ."

"ஒங்க வீட்டுல அத்தை, மாமா, கொழுந்தன், புள்ளைங்க. அம்மா எங்கக்கா படுக்கும், அடுப்பு மேலயா? அதுவும் வராதுக்கா. கேட்டுப் பாத்துட்டேன். ஒங்கப்பன் செத்த எடம் இதுதான்னு ஒரே பேச்சு."

அம்மாவுக்கு அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு மலையேறும் ஆசையே போய்விட்டது. லயத்து வாசலில் இருந்தால் சட்டி தெரியும் என்பதால், வாங்குப் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பார்த்து உட்காருவார்.

இப்படியே வருடங்கள் போயின. ஜீவராணி சும்மா போகவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். புயலடித்து மின்சாரம் போன நாட்களில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி நிலையத்தை நிறுத்தாமல் ஓட்டினாள். ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும், சூரியன் குறுக்கே வரப்போகிற நாட்களைக் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வங்கிக்கும் முன்கூட்டியே டெலிபோன் எடுத்துச் சொன்னாள். ஆயுத பூஜைக்குக் கட்டடத்துக் கதவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். பொன்னையா மாமா வேலையிலிருந்து நின்ற வருடம் அவளிடம் வந்து, "ஒன் வழிய நான் அடைச்சுப்புட்டேன் தாயி" என்று அழுதாராம். "நீங்க அடிச்சது பெயின்ட்டு மாமா, நான்தான் ஏணி வச்சேன்" என்று சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். பாலச்சந்திரன் சார் கனடாவுக்குப் போய்விட்டார். போகுமுன் அவளுக்கு ஒரு தடித்த கணிதப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார். அதை நிலையத்திலேயே வைத்துப் படித்தாள். படிக்க நேரத்துக்குக் குறைவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் எல்லாம் முடிந்தது. கடலடிக் கம்பிகள் வந்து, செய்மதி வழியாகச் செய்தி அனுப்புவது செலவு என்று வங்கிகள் ஒவ்வொன்றாக விலகின. செய்மதிக்கும் வயதாகிவிட்டது. மீதியிருக்கும் எரிபொருளைக் கொண்டு அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி, அணைத்துவிடப் போவதாகச் சொந்தக்காரர்கள் அறிவித்தார்கள். கடைசி நாளில் நானும் போயிருந்தேன். ஜயசேன கேற்றைத் திறந்தே போட்டிருந்தார். இனிப் பூட்ட ஒன்றுமில்லை. திரையில் அந்தக் கோடு மெதுவாக இறங்கி, தரையோடு தரையாகப் போனது.

"அது இப்ப கீழ விழுமா?" என்றேன்.

"விழாதுக்கா. எறங்கவும் எறங்காது, வேற எங்கயும் போகவும் போகாது. வேலை மட்டும் இல்ல. அங்கயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

சாமான்களைக் கணக்கெடுக்க லக்ஸ்மன் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கம்பனி இப்போது வீடுகளுக்கு டிவி டிஷ் விற்கிறது, கொழும்புக் கடையில் ஆள் தேவை என்றார். சற்று நின்று, "அன்னைக்கே வந்திருக்க வேண்டியது" என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார். ஜீவராணி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, நேரே தோட்டத்து ஒபிசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். புதுத் துரை இளைஞர். ஜன்னல் வழியாகவே பேசினார்.

ஜீவராணி ஒன்றுதான் கேட்டாள். "தொரை, அம்மா இருக்கிற வரைக்கும் காம்பராவ அதும் பேர்ல விட்டுருங்க. நான் போயிர்றேன்."

துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். அப்படி ஒருவருக்குச் செய்தால் நாளைக்கு எல்லா லயமும் வந்து நிற்கும் என்றார் துரை. அவரும் கோபமாகச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அப்போது ஒரு பக்கம் கை விளங்காமல் போய், பேச்சும் குறைந்திருந்தது. அன்று மாலை ஜீவராணி அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். பிறகு பரணில் ஏறி எதையோ தேடினாள். அம்மாவின் கொழுந்துக் கூடையைக் கொண்டு இறங்கி, வாசலில் வைத்துத் தட்டினாள். சிலந்திக் கூடு உதிர்ந்தது.

"கயிறு உளுத்துருச்சுக்கா. வேற கயிறு இருக்கா?"

என் சேலைப் பையில் கட்டியிருந்த நைலோன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் நீளம் பார்த்து, தலையில் மாட்டிப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். அம்மா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் பெரட்டுக்கு நானும் அவளோடு நடந்தேன், பஸ்ஸுக்கு அதுதான் வழி. பனி மூட்டமாக இருந்தது. ஒன்பதாம் நம்பர் மலையில் சட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கணக்கப்பிள்ளை பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"ஜீவராணி."

"மேல" என்றாள் முன்வரிசையில் யாரோ, பழக்கத்தில்.

கணக்கப்பிள்ளை அடுத்த பேருக்குப் போனார்.

"இல்லீங்க ஐயா" என்றாள் என் தங்கை பின்னாலிருந்து. "இங்கதான் நிக்கிறேன்."